அளவுக் கொப்பியும் மூன்று புத்தகங்களும்

"ஏ.எல். எடுக்கிற பிள்ளைக்குக் கதைப் புத்தகம் எதுக்கு?"

இந்தக் கேள்வியை எங்கள் வீட்டில் உம்மா கேட்டார். பெருநாளைக்கு வந்த மாமி கேட்டார். வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருக்கும் தோழியின் வீட்டிலும் இதே கேள்வி கேட்கப்பட்டதாம். அநேகமாக இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் பெற்றோர் பலரும் இதை ஒரு தடவையாவது கேட்டிருப்பீர்கள். ஆகையால் இதற்குப் பதில் எழுதுவது என் கடமை என்று நினைத்தேன். பெரியவர்களோடு தர்க்கம் செய்வதற்காக இதை எழுதவில்லை. கடந்த ஆறு மாதங்களில் நான் வாசித்த மூன்று புத்தகங்கள் எங்கள் வீட்டில் என்ன செய்தன என்பதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். இரண்டாம் தவணைப் பரீட்சையில் எனக்குப் புவியியலில் புள்ளிகள் குறைந்தன. "பார்த்தியா, கதைப் புத்தகம் செய்த வேலை" என்றார் உம்மா. உண்மையில் அது புத்தகம் செய்த வேலை அல்ல. பரீட்சைக்கு முதல் நாள் இரவு ஒரு மணி வரை போர்வைக்குள் கைபேசி வெளிச்சத்தில் நாவல் வாசித்த நான் செய்த வேலை. சோறு நல்லது என்பதற்காக நடுச்சாமத்தில் எழும்பிச் சாப்பிட முடியாது. வாசிப்பும் அப்படித்தான். அந்தப் பாடத்தை நான் படித்துக்கொண்டேன்.

இனிப் புத்தகங்களுக்கு வருகிறேன்.

முதலாவது புத்தகம் நானாகத் தேடியது அல்ல. நூலகத்தில் அலுமாரி துடைக்கும் முறை எனக்கு வந்த நாளில் கீழ்த்தட்டில் கிடைத்தது. சித்திலெப்பையின் 'அசன்பே சரித்திரம்'. சித்திலெப்பையைப் பற்றிச் சின்ன வகுப்பிலிருந்தே நாங்கள் பேச்சுப் போட்டிக்கு மனனம் செய்திருக்கிறோம். 1838 இல் கண்டியில் பிறந்தார், சட்டத்தரணி, 1882 இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார், முஸ்லிம் பெண் பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே பாடுபட்டார் என்றெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுவோம். ஆனால் அவர் எழுதிய நாவலை எங்களில் எத்தனை பேர் தொட்டிருக்கிறோம்? நானும் அதுவரை தொட்டதில்லை.

1885 இல் வெளிவந்த நாவல் அது. தமிழின் முதல் நாவல் என்று சொல்லப்படும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879 இல் வந்தது. அதற்கு ஆறே வருடங்களின் பின் எங்கள் நாட்டிலிருந்து, எங்கள் சமூகத்திலிருந்து ஒருவர் தமிழில் நாவல் எழுதியிருக்கிறார் என்பதை நினைக்கும்போது பெருமையாக இருந்தது. இலங்கையின் முதலாவது தமிழ் நாவலாக இதைத்தான் சொல்கிறார்கள். எகிப்தில் பிறந்து, குழந்தையிலேயே கடத்தப்பட்டு, இந்தியாவில் வளரும் ஒரு வீரனின் கதை. வசனங்கள் நீளமானவை. சில இடங்களில் ஒரு பக்கத்தை இரண்டு தடவை வாசித்தேன். ஆனாலும் அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவல் கடைசி வரை விடவில்லை.

வாசித்து முடித்ததும் ஒரு சிறு குறை மனதில் தங்கியது. கண்டியில் இருந்தவர் எழுதிய கதையில் கண்டி இல்லை. எங்கள் தெரு இல்லை, எங்கள் வீட்டு அடுப்படி இல்லை, ஒரு வாப்பாவோ உம்மம்மாவோ இல்லை. அந்தக் காலத்தில் நாவல் என்றால் தூர தேசத்து வீரசாகசம்தான் என்று எண்ணியிருக்கலாம். அதை ஒரு பிழையாக நான் சொல்லவில்லை. அவர் கதவைத் திறந்துவிட்டார். அந்தக் கதவால் எங்கள் வீடுகள் உள்ளே போனதா என்பதே எனக்கு எழுந்த கேள்வி.

இரண்டாவது புத்தகம் 'ஆடு ஜீவிதம்'. பென்யாமின் மலையாளத்தில் எழுதி 2008 இல் வெளிவந்த நாவல். நான் வாசித்தது தமிழ் மொழிபெயர்ப்பு. 2024 இல் திரைப்படமாகவும் வந்ததால் பலருக்குக் கதை தெரிந்திருக்கும். கேரளத்தில் ஆற்று மணல் அள்ளிப் பிழைத்த நஜீப், கர்ப்பிணியான மனைவியை விட்டுவிட்டுச் சவூதிக்குப் போகிறான். விமான நிலையத்தில் ஒருவர் அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார். போய்ச் சேர்ந்த இடமோ பாலைவனத்தின் நடுவே ஓர் ஆட்டுப் பண்ணை. குளிக்கத் தண்ணீர் இல்லை, பேச ஆள் இல்லை, திரும்ப வழி இல்லை. ஆடுகளுக்குத் தன் ஊர் மனிதர்களின் பெயர்களை வைத்து அவற்றோடு பேசுகிறான். உண்மையில் வாழ்ந்த ஒரு மனிதரின் அனுபவத்தை வைத்து எழுதப்பட்ட கதை இது.

இதில் என்னை அழவைத்தது பட்டினியோ பாலைவனமோ அல்ல. நஜீப் தன் மனைவிக்கு மனதுக்குள்ளேயே கடிதம் எழுதுகிறான். அந்தக் கடிதத்தில் தான் நல்ல சுகமாக, வசதியாக இருப்பதாகப் பொய் சொல்கிறான். அனுப்ப முடியாத கடிதத்தில்கூடப் பொய். அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

ஏனென்றால் எனது வாப்பாவும் ஒன்பது வருடங்களாகக் கட்டாரில் இருக்கிறார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வட்ஸ்அப்பில் கதைப்பார். "வாப்பா எப்படி?" என்று கேட்டால், "அல்ஹம்துலில்லாஹ், நான் நல்லா இருக்கன். நீ படிக்கிறியா?" என்பார். ஒன்பது வருடமாக இதே கேள்வி, இதே பதில். எங்கள் வகுப்பில் கைதூக்கச் சொன்னால் இதே பதிலைக் கேட்டு வளர்ந்தவர்கள் அரைவாசிப் பேராவது இருப்போம்.

அந்த வெள்ளிக்கிழமை நான் கேள்வியை மாற்றினேன். "வாப்பா, நீங்க போய் இறங்கின முதல் நாள் எப்படி இருந்திச்சு?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. தொடர்பு அறுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பிறகு, "ஏன் மகள், இப்ப இது எதுக்கு?" என்றார். புத்தகத்தைப் பற்றிச் சொன்னேன். மெதுவாகச் சிரித்துவிட்டுச் சொல்லத் தொடங்கினார். சாரதி வேலை என்று சொல்லித்தான் அனுப்பினார்களாம். போய்ப் பார்த்தால் வாகனமும் இல்லை, அனுமதிப்பத்திரமும் இல்லை. முதல் நான்கு மாதங்கள் கட்டட வேலைத்தளத்தில் சீமெந்து மூட்டை இறக்கினாராம். இரவில் கைவிரல்களை மடக்க முடியாதாம். அப்போது நான் மூன்றாம் ஆண்டில் படித்தேன். அந்த வருடம் வாப்பா அனுப்பிய முதல் காசில் உம்மா எனக்குப் புதுச் சப்பாத்து வாங்கித் தந்தார். அது எந்த வேலையின் காசு என்பது எனக்கு ஒன்பது வருடங்களின் பின் ஒரு நாவலால்தான் தெரியவந்தது. பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த உம்மாவுக்கும் அன்றுதான் தெரியும்.

இங்கே ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தப் புத்தகத்தை வாசித்துவிட்டு அரபிகள் எல்லோரும் இப்படித்தான் என்று யாரும் முடிவெடுக்கக் கூடாது. பாலைவனத்திலிருந்து தப்பி வந்த நஜீபைத் தன் விலையுயர்ந்த காரில் ஏற்றி நகரத்தில் இறக்கிவிடுபவரும் ஓர் அரபிதான். வாப்பாவுக்கும் பிறகு கிடைத்த முதலாளி நல்ல மனிதர். உம்மம்மா மௌத்தின் விளிம்புவரை போய் ஆஸ்பத்திரியில் இருந்தபோது கேட்காமலேயே டிக்கெட் எடுத்துக் கொடுத்து வாப்பாவை ஊருக்கு அனுப்பியவர். நல்ல நாவல் ஒரு கூட்டத்தைக் கூண்டில் நிறுத்துவதில்லை. ஒரு மனிதனுக்கு நடந்ததை மட்டும் சொல்கிறது.

மூன்றாவது புத்தகம் ஆன் பிராங்கின் நாட்குறிப்பு. இதை வாசிக்கும்போது என் தோழி ஒருத்தி கேட்டாள்: "காஸாவில நம்மட பிள்ளைகள் இப்படிச் சாகிற நேரத்தில ஒரு யூதப் பிள்ளையின் டயரியையா வாசிக்கிறாய்?"

அவள் கேட்டதில் கோபம் மட்டும் இல்லை, வலியும் இருந்தது. உடனே பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இரண்டு நாட்கள் யோசித்தேன். 1942 ஆம் ஆண்டு ஜூன் 12 இல் தனது பதின்மூன்றாவது பிறந்த நாளுக்கு அந்தப் பிள்ளைக்கு ஒரு டயரி கிடைத்தது. அடுத்த மாதமே நாஸிகளுக்குப் பயந்து அம்ஸ்டர்டாமில் தகப்பனின் அலுவலகக் கட்டடத்தின் பின்பகுதியில் குடும்பத்தோடு ஒளிந்துகொண்டாள். அங்கே எட்டுப் பேர் இரண்டு வருடங்களுக்கு மேல் பகலில் சத்தமாக நடக்காமல், தண்ணீரைத் திறக்காமல் வாழ்ந்தார்கள். 1944 ஓகஸ்ட் 4 இல் பிடிபட்டார்கள். 1945 இல் ஒரு வதைமுகாமில் அவள் இறக்கும்போது வயது பதினைந்து. என்னைவிட இரண்டு வயது குறைவு. எட்டுப் பேரில் தகப்பன் மட்டுமே உயிரோடு திரும்பினார். ஆன் எழுதியதை 1947 இல் புத்தகமாக வெளியிட்டவர் அவர்தான்.

என் தோழிக்கு நான் சொன்ன பதில் இதுதான். ஒரு பிள்ளை ஒளிந்திருந்து பயந்த கதையை வாசிக்க அந்தப் பிள்ளையின் மார்க்கத்தைக் கேட்கத் தேவையில்லை. செய்தியில் இறந்த பிள்ளைகளின் எண்ணிக்கை வருகிறது. நாளைக்கு அது வேறோர் எண். ஆனால் ஆன் தாயோடு சண்டை பிடித்ததையும், அக்காவோடு தன்னை ஒப்பிட்டு மனம் நொந்ததையும் வாசித்த பிறகு, காஸாவில் இறக்கும் ஒவ்வொரு பிள்ளையும் தாயோடு சண்டை பிடித்த, அக்காவோடு போட்டி போட்ட ஒரு பிள்ளை என்று எனக்குப் புரிகிறது. இந்த நாட்குறிப்பை வாசித்தும் ஒருவருக்குக் காஸாவின் பிள்ளை கண்ணில் படவில்லை என்றால் அவர் அதைச் சரியாக வாசிக்கவில்லை என்பது என் கருத்து. தோழி முழுமையாக ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள்.

இந்த நாட்குறிப்பில் வரும் ஒரு சம்பவம்தான் என்னை உம்மம்மாவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1944 மார்ச்சில் லண்டனில் இருந்து ஒலிபரப்பான வானொலியில் நெதர்லாந்து அமைச்சர் ஒருவர் பேசுகிறார். மக்கள் எழுதிய கடிதங்களும் நாட்குறிப்புகளும் போர் முடிந்த பின்னர் சேகரிக்கப்பட வேண்டும் என்கிறார். அதைக் கேட்ட பிறகுதான் ஆன் தன் டயரியைத் திருத்தி, புத்தகமாக வரக்கூடிய விதத்தில் மறுபடி எழுதத் தொடங்குகிறாள். யாரோ ஒருவர் 'உங்கள் கதை வேண்டும்' என்று கேட்டதால் ஒரு பிள்ளை இன்னும் கவனமாக எழுதினாள்.

எங்கள் உம்மம்மாவிடம் யார் கேட்டார்கள்?

உம்மம்மா யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பிறந்து வளர்ந்தவர். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள் என்று நாங்கள் படித்திருக்கிறோம். யாழ்ப்பாணத்தில் அது ஒக்டோபர் 30 ஆம் திகதி. இரண்டு மணித்தியால அவகாசம். உம்மாவுக்கு அப்போது ஏழு வயது. புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் வளர்ந்தவர் அவர். வீட்டில் இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த விடயம். தெரிந்த விடயம் என்பதாலேயே யாரும் எதையும் கேட்பதில்லை.

நான் போய்ப் பக்கத்தில் இருந்து கேட்டேன். "உம்மம்மா, அந்த இரண்டு மணித்தியாலத்தில என்ன செஞ்சீங்க?"

உம்மம்மா அழவில்லை. அன்று புட்டுக்கு அரிசி ஊறப்போட்டிருந்தாராம். அதை வடித்து வைப்பதா, அப்படியே விடுவதா என்று அடுப்படியில் நின்று யோசித்தாராம். "ஊரே போகுது, நான் அரிசியைப் பார்த்துக்கொண்டு நிக்கிறன். உங்கட அப்பா வந்து ஏசினார்" என்றார். உம்மாவின் வாப்பாவை நாங்கள் அப்பா என்றுதான் சொல்வோம். அவர் தையற்காரர். சொந்தக் கடை. அவர் அன்று கடையைப் பூட்டிவிட்டு ஓடிவந்தபோது கையில் ஒரு கொப்பி மட்டும் இருந்ததாம். காசும் நகையும் வழியில் சோதனையில் போயின. உம்மாவின் காதுத் தோடுகூடப் போனது. அந்தக் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம்.

அலுமாரியின் அடித்தட்டிலிருந்து உம்மம்மா அதை எடுத்துத் தந்தார். நீள அளவுக் கொப்பி. மட்டை போய்விட்டது. உள்ளே பெயர்கள். தமிழ்ப் பெயர்களே அதிகம். ஒவ்வொரு பெயருக்கும் கீழே கழுத்து, தோள், நெஞ்சு, கை என்று எண்கள். சிலவற்றின் ஓரத்தில் 'வெட்டியாச்சு' என்று பென்சிலால் எழுதியிருந்தது. வெட்டிய துணிகள் தைக்கப்படாமல் கடைக்குள் கிடந்தன. ஊர்ச் சனத்தின் துணி தன் கையில் கடனாக இருக்கிறது என்றுதான் அப்பா அந்தக் கொப்பியை எடுத்து வந்தாராம். இரண்டு மணித்தியாலத்தில் எல்லாம் இழந்த மனிதருக்கு, தான் கொடுக்க வேண்டியது எது என்பது நினைவிருந்திருக்கிறது.

2002 இல் பாதை திறந்தபோது அப்பா யாழ்ப்பாணம் போனார். கடை இருந்த இடத்தில் கூரை இல்லை. திரும்பும்போது வயதான ஒருவர் அவரை அடையாளம் கண்டு வீதியைக் கடந்து வந்து, "நானா, என்ர சேட்டு என்னாச்சு?" என்று கேட்டாராம். இருவரும் வீதியோரத்தில் நின்று சிரித்தார்களாம். "சிரிச்சதெண்டுதான் உங்கட அப்பா சொன்னவர்" என்றார் உம்மம்மா. அப்பா மௌத்தாகிப் பல வருடங்கள். அவர் ஒரு வசனம்கூட எழுதி வைக்கவில்லை. இருப்பது இந்த அளவுகள் மட்டும்.

இப்போது பெற்றோருக்கு எனது பதில். நேரம் வீணாகிறது என்கிறீர்கள். வீண் என்றால் என்ன? இஸட் புள்ளிக்கு உதவாதது வீண் என்றால் ஆம், இந்த மூன்று புத்தகங்களும் எனக்கு ஒரு புள்ளியும் தரவில்லை. ஆனால் ஒன்பது வருடம் என்னோடு கதைத்த வாப்பாவையும் பதினேழு வருடம் என்னோடு ஒரே வீட்டில் இருந்த உம்மம்மாவையும் எனக்குத் தெரியாமலே இருந்தது என்பதை இந்தப் புத்தகங்கள்தான் காட்டின. இப்படிக் கேட்பதற்கு எந்தப் பாடப்புத்தகமும் எனக்குக் கற்றுத் தரவில்லை.

நாவல் பிள்ளைகளின் மனதைக் கெடுத்துவிடும் என்ற பயமும் சிலருக்கு இருக்கிறது. எல்லாப் புத்தகமும் எல்லா வயதுக்கும் ஏற்றதல்ல என்பதை நானும் ஏற்கிறேன். அதற்கு வழி புத்தகத்தைப் பறிப்பது அல்ல. நீங்களும் அதை வாசிப்பதுதான். எனது உம்மா இப்போது 'ஆடு ஜீவிதம்' வாசிக்கிறார். நாளைக்கு நான்கு பக்கம். நஜீப் தப்பிவிடுவானா என்று கேட்கிறார். நான் சொல்லவில்லை.

அன்புச் சகோதரிகளே, உங்களுக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது. வாசிப்பதற்கு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் போதும். பரீட்சைக்கு முதல் நாள் வேண்டாம். என்னைப் பார்த்துப் படித்துக்கொள்ளுங்கள். வாசித்த பின் வீட்டில் ஒருவரிடம் இதுவரை கேட்காத ஒரு கேள்வியைக் கேளுங்கள். அவர் சொல்வதை அவர் சொன்ன வார்த்தைகளிலேயே ஒரு பக்கம் எழுதுங்கள். வீட்டார் சம்மதித்தால் அந்தப் பக்கங்களைச் சேர்த்து நூலகத்தில் ஒரு கோவையாக வைக்கலாம். நூலகப் பொறுப்பாசிரியையிடம் கேட்டேன். ஒரு தட்டை ஒதுக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். எந்தத் தட்டு என்று கேட்டபோது 'அசன்பே சரித்திரம்' இருந்த கீழ்த்தட்டைக் காட்டினார்.

1885 இல் திறந்த கதவு அது. நாங்கள் நாவல் எழுத வேண்டும் என்று இல்லை. ஊறப்போட்ட அரிசி, சீமெந்து மூட்டை, தைக்காத சேட்டு என்று ஒவ்வொரு வீட்டிலும் ஏதோ ஒன்று இருக்கிறது. சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

உம்மம்மாவின் பக்கத்தை நான் எழுதி முடித்து அவருக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "ஒன்று பிழை" என்றார். அரிசி புட்டுக்கு ஊறப்போட்டது இல்லையாம், அப்பத்துக்காம். "முதல் சொல்லேக்க எனக்கே மறந்துபோச்சு" என்றார். திருத்திவிட்டேன்.